மகான்ஜாவில் கண்ட திர்ஹம்: ஒரு பயணக் குறிப்பும் நம் வாசிப்பும்

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை பல இடங்களில் மனிதனைப் பணிக்கிறது. அப்பணிப்பைச் செவிமடுத்த சமுதாயத்தின் மொழி என்பதால் அரபியில் பயண நூல்களுக்குக் குறைவில்லை. இப்னு ஜுபைர், இப்னு பதூதா ஆகியோரின் ரிஹ்லாக்களைத் தமிழ் வாசகர்கள் ஓரளவு அறிவர். அப்பெருநூல்களுக்கு அருகே வைத்தால் கண்ணில் படாத அளவு சிறியதொரு குறிப்பைப் பற்றி ஈண்டு எழுத முற்படுகிறோம். அச்சில் ஒரு பக்கத்தையும் நிரப்பாத அக்குறிப்பு, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் அமைந்த மைன்ஸ் நகரைப் பற்றியது. உரோமர் காலத்தில் மொகொன்தியாகும் என வழங்கிய இந்நகரை அரபு நூல் 'மகான்ஜா' என்று எழுதுகிறது. குறிப்புக்கு உரியவர் அந்தலுஸின் துர்தூஷா நகரைச் சேர்ந்த இப்ராஹீம் இப்னு யஃகூப். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் நடுவில், அதாவது கி.பி. 960களில், அவர் அப்பகுதிகளில் பயணம் செய்தார் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு.

ஸமர்கந்தில் அடிக்கப்பட்ட திர்ஹம்களையும் இந்திய மிளகையும் மைன்ஸ் நகரில் கண்டதாகக் கூறும் இக்குறிப்பு, முஸ்லிம்களின் பொற்காலத்தைப் பேசும் உரைகளில் இடம்பெறுவதுண்டு. ஐரோப்பா இருளில் கிடந்தபோது நம் நாணயம் அங்கே ஆட்சி செய்தது என்று அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. குறிப்பை அரபு மூலத்தில் நிதானமாக வாசிப்போருக்கு அது வேறொன்றைச் சொல்வதாகவே தோன்றும். அதனை நம் பெருமைக்குச் சான்றாக ஆக்கும் அவசரத்தில் அதன் உண்மையான சிறப்பை இழந்துவிடுகிறோம் என்பதே நம் கருத்து.

குறிப்பு நம்மை வந்தடைந்த வழி

இப்ராஹீம் இப்னு யஃகூப் எழுதிய மூலநூல் இன்று இல்லை. பிற்கால ஆசிரியர்கள் தம் நூல்களில் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஸ்லாவிய மக்களைப் பற்றிய பகுதியை அந்தலுஸ் புவியியலாளர் அபூ உபைத் அல்-பக்ரீ (மறைவு ஹி. 487 / கி.பி. 1094) தம் 'அல்-மஸாலிக் வல் மமாலிக்' என்னும் நூலில் பாதுகாத்தார். மைன்ஸ் பற்றிய பகுதியோ, ஸகரிய்யா அல்-கஸ்வீனீ (மறைவு ஹி. 682 / கி.பி. 1283) எழுதிய 'ஆஸாருல் பிலாத் வ அக்பாருல் இபாத்' என்னும் நூலில் இருக்கிறது. உலகை ஏழு இக்லீம்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஊர்களை அகர வரிசையில் கூறும் நூல் அது. கஸ்வீனீ இராக்கில் காழியாகப் பணியாற்றியவர். ஜெர்மானிய மண்ணை அவர் மிதித்ததில்லை. அவருக்கும் பயணிக்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் உள்ளன.

கஸ்வீனீயின் நூலை வூஸ்டன்ஃபெல்ட் என்னும் ஜெர்மானிய அரபியறிஞர் 1848இல் கோட்டிங்கன் நகரில் பதிப்பித்தார். பக்ரீயின் நூலிலுள்ள பகுதியைக் கூனிக், ரோஸன் ஆகிய இருவர் 1878இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியிட்டனர். ஆகவே நம் கையில் இருப்பது முழு நூலன்று. தொகுப்பாசிரியர் தமக்கு வேண்டியதை வெட்டி எடுத்த துண்டு. பயணி எதனைச் சொல்லாமல் விட்டார் என்று இத்துண்டை வைத்து வாதிட இயலாது. சொன்னதை மட்டுமே எடைபோட இயலும்.

குறிப்பு சொல்வது

மகான்ஜா மிகப் பெரிய நகரம்; அதன் ஒரு பகுதியில் மக்கள் வசிக்கின்றனர், எஞ்சிய பகுதி பயிரிடப்பட்டுள்ளது என்று குறிப்பு தொடங்குகிறது. அது ஃபிரங்கியரின் நாட்டில் ரீன் என்னும் ஆற்றின் மீது அமைந்தது. கோதுமை, வாற்கோதுமை முதலிய தானியங்களும் திராட்சைத் தோட்டங்களும் கனிகளும் மிகுந்தது என்கிறது. பின்னர் ஹிஜ்ரி 301, 302 ஆகிய ஆண்டுகளில் ஸமர்கந்தில் அடிக்கப்பட்ட திர்ஹம்கள் அங்கே உள்ளன, அவற்றில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன என்று கூறுகிறது. இவை ஸாமானிய மன்னர் நஸ்ர் இப்னு அஹ்மதின் நாணயங்கள் எனத் தாம் கருதுவதாகத் துர்தூஷீ சொல்கிறார். கடைசியாக, கிழக்கின் கடைக்கோடியில் மட்டுமே கிடைக்கக்கூடிய மிளகு, இஞ்சி, கிராம்பு, சடாமாஞ்சில், கோஷ்டம், அரத்தை ஆகியன மேற்கின் கடைக்கோடியிலுள்ள இவ்வூரில் ஏராளமாகக் கிடைப்பது வியப்புக்குரியது என்றும், அவை இந்திய நாட்டிலிருந்து கொண்டுவரப்படுகின்றன என்றும் முடிகிறது.

இவ்வளவே. இதில் மன்னர் இல்லை. பேராயர் இல்லை. அக்காலத்தில் மைன்ஸ் பேராயராக இருந்தவர் பேரரசர் முதலாம் ஒட்டோவின் மகன் வில்லியம் (954–968). அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்று அந்நகருக்குச் செல்லும் எவரும் முதலில் காணும் பேராலயம் அன்று கட்டப்படவில்லை. பேராயர் வில்லிகிஸ் அதனைத் தொடங்கியது அந்நூற்றாண்டின் இறுதியில்தான். 1009இல் திறப்பு நாளன்றே அது தீக்கிரையானது. நகரின் ஒரு பகுதி வயலாக இருந்தது என்ற செய்தியும் சிந்தனைக்குரியது. உரோமர் எழுப்பிய மதில் பெரியது. அதற்குள் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மக்கள் குறைவு. குர்துபாவின் நெருக்கமான தெருக்களை அறிந்த அந்தலுஸ் பயணியின் கண்ணில் முதலில் பட்டது இந்த இடைவெளியாக இருந்திருக்கலாம். அதனை அவர் இகழவில்லை. தானியமும் திராட்சையும் விளையும் மண் என்று அடுத்த வாக்கியத்திலேயே எழுதுகிறார்.

கண்டதும் கருதியதும்

திர்ஹம் பற்றிய வரியே இக்குறிப்பின் உயிர். நாணயம் எங்கே அடிக்கப்பட்டது, எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்பதை அவர் ஐயமின்றிச் சொல்கிறார். ஏனெனில் அவை நாணயத்தின் மேல் எழுதப்பட்டிருந்தன; அவர் அரபி படிக்கத் தெரிந்தவர். ஆனால் யாருடைய நாணயம் என்று சொல்ல வரும்போது மட்டும் 'கருதுகிறேன்' என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறார். நாணயத்தில் பெயர் மட்டும் இருந்திருக்கலாம். அப்பெயருக்குரியவர் இன்ன வமிசத்தார் என்பதைத் தம் அறிவிலிருந்து நிரப்பியிருக்கலாம். எவ்வாறாயினும், படித்தது ஒன்று, ஊகித்தது மற்றொன்று என இரண்டையும் பிரித்து வைக்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

அந்த ஊகம் எவ்வளவு நுட்பமானது என்பதை வரலாறு காட்டுகிறது. நஸ்ரின் தந்தை அஹ்மத் இப்னு இஸ்மாயீல் ஹிஜ்ரி 301ஆம் ஆண்டின் நடுவில், கி.பி. 914 ஜனவரியில், தம் அடிமைகளாலேயே கொல்லப்பட்டார். எட்டு வயதுச் சிறுவரான நஸ்ர் அரியணை ஏறினார். ஆகவே 302ஆம் ஆண்டு நாணயம் நஸ்ருடையது என்பதில் ஐயமில்லை. 301ஆம் ஆண்டு நாணயமோ தந்தையுடையதாகவும் இருக்கலாம், மகனுடையதாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லியிருந்தால் பாதி தவறாகியிருக்கக்கூடிய இடத்தில், 'கருதுகிறேன்' என்ற ஒரு சொல் பயணியைக் காத்துவிட்டது.

இதே நஸ்ரை மற்றொரு பயணியும் கண்டிருக்கிறார். ஹிஜ்ரி 309இல் (கி.பி. 921) பக்தாதிலிருந்து வோல்கா நதிக்கரையின் பல்கார் மன்னரிடம் கலீஃபாவின் தூதுக்குழுவுடன் சென்ற இப்னு ஃபழ்லான், வழியில் புகாராவில் நஸ்ரைச் சந்தித்தார், அவர் இன்னும் தாடி முளைக்காத இளைஞராக இருந்ததைத் தம் ரிஸாலாவில் எழுதுகிறார். சிறுவர் ஒருவரின் பெயரால் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அவர் மறைந்து (கி.பி. 943) இருபதாண்டுகள் கழிந்த நிலையில், அவர் கேள்வியும் பட்டிராத ஆற்றங்கரை ஊரில் கிடக்கிறது. நாணயம் ஆட்சி செய்தது என்று இதற்குப் பெயரிடுவது பொருந்தாது. காசு கைமாறிக் கைமாறிச் சென்றது என்பதே இதற்குப் பெயர். அதன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வூரில் எத்தனை பேர் இருந்திருப்பர்? அங்கே அது வெள்ளியின் எடைக்காக மதிக்கப்பட்டிருக்கும், நஸ்ருக்காக அன்று.

மிளகின் வியப்பு

கஸ்வீனீ வியப்புகளைச் சேகரித்தவர். 'அஜாயிபுல் மக்லூகாத்' என்னும் அவருடைய மற்றொரு நூல் விந்தைப் படைப்புகளுக்காகவே புகழ்பெற்றது. அத்தகையவரின் பக்கங்களில் 'வியப்பு' என்ற சொல்லைக் கண்டால், நாய்த்தலை மனிதரையோ மரத்தில் காய்க்கும் பறவையையோ எதிர்பார்ப்பது வாசகர் வழக்கம். மகான்ஜாவின் வியப்போ மிளகு. கஸ்வீனீ சேர்த்த சொல்லா, பயணியின் சொல்லா என்று பிரித்தறிய முடியாவிட்டாலும், தம் வீட்டு அடுக்களையில் இருக்கும் பொருளை அந்நிய ஊரில் கண்டு வியக்கும் மனம் பயணியினுடையதாகவே இருக்க வேண்டும். அந்நியரிடம் அந்நியத்தைக் கண்டு வியப்பது எளிது; அந்நியரிடம் பொதுவானதைக் கண்டு வியப்பது அரிது.

இங்கே நம் மண்ணும் குறிப்பினுள் வருகிறது. மிளகு அக்காலத்தில் பெரும்பாலும் மலபார்க் கரையிலிருந்து சென்ற பொருள். சங்கச் செய்யுட்கள் அதனைக் 'கறி' என்று வழங்கி, முசிறிக்குக் கலங்களில் வந்த யவனர் பொன் கொடுத்து அதனை வாங்கிச் சென்றதைக் கூறும். இஞ்சியைக் குறிக்கும் 'ஸன்ஜபீல்' என்னும் சொல் ஸூரத்துத் தஹ்ரில் சுவனபானத்தின் கலவையாக வருவதை நாம் அறிவோம். அச்சொல்லின் வேர், இஞ்சி என்னும் திராவிடச் சொல்லைச் சென்றடைவதாக மொழியறிஞர் கூறுவர். கோஷ்டம் என்னும் 'குஸ்த்', நபிமொழித் தொகுப்புகளின் மருத்துவப் பாடங்களில் இந்தியப் பெயரடையுடன் இடம்பெறுவது. பயணி இவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர் மருந்துச் சரக்கைக் குறிக்கும் 'அகாகீர்' என்பது. நாட்டு மருந்துக் கடையின் பலகையில் இன்றும் அருகருகே இருக்கும் பெயர்கள் இவை.

ஆனால் பயணியின் கூற்றில் பிழையும் உண்டு. இவையனைத்தும் இந்தியாவிலிருந்து வருகின்றன என்கிறார். கிராம்பு இந்திய மண்ணில் விளைந்ததன்று; அன்று அது மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அரத்தை சீனத்திற்கும் தென்கிழக்காசியாவிற்கும் உரியது. சடாமாஞ்சிலும் கோஷ்டமும் இமயமலைச் சாரலில் வளர்பவை. இந்தியத் துறைமுகங்கள் பலவற்றுக்குச் சந்தையாக இருந்ததால் எல்லாம் இந்தியாவினதாகவே மேற்கில் அறியப்பட்டன. கடைக்காரர் சொன்னதை அவர் எழுதியிருப்பார். சரக்கைத் தம் கண்ணால் கண்டார். அதன் பிறப்பிடத்தைக் காதால் கேட்டார். முதலாவது சரி; இரண்டாவதில் பாதியே சரி. இந்த வேறுபாடு, அவருடைய மற்றக் குறிப்புகளை எடைபோடவும் நமக்கு உதவும்.

மன்னரின் வாயால் கேட்டது

இதே பயணி பெண்கள் நகரம் ஒன்றைப் பற்றியும் கூறுவதாகப் பக்ரீ பதிவு செய்கிறார். ஆண்களே ஆளாத, போருக்குச் செல்லும் பெண்கள் வாழும் நகரம் மேற்கே உள்ளதாம். அச்செய்தி உண்மையானது, உரோமரின் மன்னர் ஹூத்தாவே தமக்கு அதனைச் சொன்னார் என்று பயணி உறுதி கூறுகிறார். ஹூத்தா என்பவர் பேரரசர் முதலாம் ஒட்டோ. அவரைக் கண்டு பேசியவர் இப்பயணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் செய்தி கட்டுக்கதை.

நாணயத்தைப் பற்றிக் 'கருதுகிறேன்' என்றவர், கதையைப் பற்றி 'உண்மை' என்கிறார். ஏன்? சொன்னவர் பேரரசர். ஹதீஸ் கலையில் பயின்ற நாம் இதற்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. அறிவிப்பாளரின் உலகப் பதவி அறிவிப்புக்கு வலுச் சேர்ப்பதில்லை. அவர் கண்டாரா, கண்டவரிடம் கேட்டாரா, நினைவாற்றல் உடையவரா என்பவையே கேள்விகள். ஒட்டோ அந்நகரைக் கண்டவர் அல்லர். அவருக்குச் சொன்னவர் யார் என்பதும் இல்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது.

இன்று ஜெர்மனியில் உள்ள ஷ்லெஸ்விக் நகரைப் பற்றியும் அவருடைய குறிப்பு கஸ்வீனீயிடம் உண்டு. அங்கே மக்கள் மீனை உண்டு வறுமையில் வாழ்வதையும், மணவிலக்குச் செய்யும் உரிமை பெண்களுக்கு இருப்பதையும் கூறிவிட்டு, அவர்களுடைய பாட்டு நாயின் ஊளையினும் கேவலமானது என்கிறார். ஐரோப்பியர் எழுதும் வரலாற்று நூல்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் வரி இதுவே. 'அரபியரின் கண்ணில் வைக்கிங்குகள்' என்று சொல்லிச் சிரிப்பதற்கு அது பயன்படுகிறது. ஒரு மக்களின் இசையை ஒரு மாலைப்பொழுதில் கேட்டு இகழ்ந்தது பயணியின் குறை, அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் எழுதியவற்றுள் நகைப்புக்குரியதை மட்டும் எடுப்பதும், பெருமைக்குரியதை மட்டும் எடுப்பதும் ஒரே வகைப் பிழையே. முன்னது அவர்கள் செய்வது. பின்னது நாம் செய்வது.

வெட்டப்பட்ட ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது விழா மேடையில் நாமே இக்குறிப்பை எடுத்துக் கூறி, 'அந்தலுஸைச் சேர்ந்த முஸ்லிம் பயணி' என்று அதன் ஆசிரியரை அறிமுகம் செய்தோம். கூட்டத்தில் தக்பீர் முழங்கியது. வீடு திரும்பிப் பக்ரீயின் நூலைப் புரட்டியபோது, அவர் அதே மனிதரை 'இப்ராஹீம் இப்னு யஃகூப் அல்-இஸ்ராயீலீ' என்று குறித்திருப்பதைக் கண்டோம். கஸ்வீனீ 'துர்தூஷீ' என்று ஊர்ப்பெயரால் மட்டும் குறிக்கிறார். இவர்கள் இருவேறு மனிதர் என்று கருதிய ஆய்வாளரும் இருந்தனர். இன்று பெரும்பாலோர் ஒருவரே என்றும், அவர் அரபி எழுதிய அந்தலுஸ் யூதர் என்றும் கொள்கின்றனர்.

நாம் பொய் சொல்லவில்லை. கஸ்வீனீயில் கண்டதிலிருந்து ஊகித்தோம். ஆனால் 'கருதுகிறோம்' என்று சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் மாணவர்களிடம் இதனைக் கூறியபோது, ஒருவர் எழுந்து, "அப்படியானால் இது நம் பெருமை இல்லையா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அம்மாணவரின் முகத்தில் இருந்த ஏமாற்றமே இக்கட்டுரைக்குக் காரணம் எனலாம்.

ஹதீஸ் கலையில் 'தத்லீஸுஷ் ஷுயூக்' என்றொரு குறை உண்டு. தாம் யாரிடம் கேட்டாரோ அவரை, பிறர் அடையாளம் காணாதவாறு, அறியப்படாத பெயரால் அல்லது நிஸ்பாவால் குறிப்பது அது. அறிந்தே 'இஸ்ராயீலீ' என்பதை விட்டுவிட்டுத் 'துர்தூஷீ' என்பதை மட்டும் எழுதுவோர் செய்வது இதற்கு வெகு தொலைவில் இல்லை. அவ்வாறு செய்வதால் நாம் அடைவதும் ஒன்றுமில்லை. யூதர் ஒருவர் அரபியில் சிந்தித்து, அரபியில் எழுதி, ஹிஜ்ரி ஆண்டைக் கொண்டு காலத்தைக் கணக்கிட்டு, ஸாமானிய மன்னரின் பெயரைக் கண்டவுடன் இனங்கண்டார். அவருடைய எழுத்தை முஸ்லிம் புவியியலாளர்கள் தம் நூல்களில் பெயர் சொல்லிப் பாதுகாத்தனர். அந்நாகரிகத்தின் விரிவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எது? மாணவருக்கு நாம் சொன்ன விடையும் இதுவே.

இச்சொல்லைத் திரும்பச் சேர்த்தவுடன் மைன்ஸ் நகரின் வரலாறும் நமக்கு வேறாகத் தெரியத் தொடங்குகிறது. பயணி சென்ற காலத்தை அடுத்து அந்நகரில் யூதக் கல்வி செழித்தது. ரப்பி கெர்ஷோம் அங்கே கற்பித்துப் புகழ்பெற்றார். 1096 மே மாதத்தில், ஜெருசலத்தை முஸ்லிம்களிடமிருந்து மீட்கப் புறப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட சிலுவைப்படைக் கூட்டமொன்று எமிகோ பிரபுவின் தலைமையில் மைன்ஸுக்குள் நுழைந்து, பேராயரின் மாளிகையில் அடைக்கலம் புகுந்திருந்தோர் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான யூதர்களைக் கொன்றது. முஸ்லிம்களைக் கொல்லப் புறப்பட்ட வாள் முதலில் விழுந்தது இப்ராஹீம் இப்னு யஃகூபின் சமயத்தார் மேல். ஷ்பயர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய மூன்று நகரங்களின் யூத நினைவிடங்களை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பயணியின் பெயரிலிருந்து அச்சொல்லை வெட்டினால் இவை எதுவும் நம் கண்ணில் படாது.

திர்ஹம் எதன் விலை?

பெருமை பேசுவோர் கேட்காத கேள்வி இன்னொன்று உண்டு. ஸமர்கந்தின் வெள்ளி வடக்கே ஏன் சென்றது? எதனை வாங்குவதற்காக?

வோல்கா நதியும் பால்டிக் கடலும் அதன் பெருவழிகள். ஸ்வீடனின் காட்லாந்துத் தீவில் 1999இல் கிடைத்த ஒரே புதையலில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. பெரும்பாலானவை இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம்கள். அவற்றுக்கு மாற்றாகத் தெற்கே வந்தவை மென்மயிர்த்தோல், தேன்மெழுகு, வாள், அடிமைகள். இப்னு ஃபழ்லான் வோல்காக் கரையில் ரூஸ் வணிகர்களைக் கண்டார். தீனாரும் திர்ஹமும் நிறைய வைத்திருக்கும் வணிகனைத் தன்னிடம் அனுப்பும்படி அவர்களுள் ஒருவன் மரச்சிலையின் முன் வேண்டியதை எழுதுகிறார். அவன் விற்க வைத்திருந்தவை ஸேபிள் தோல்களும் அடிமைப் பெண்களும். இப்னு குர்தாத்பிஹ் விவரிக்கும் ராதானிய யூத வணிகரும் ஃபிரங்கி நாட்டிலிருந்து கிழக்கே கொண்டு சென்றவற்றுள் அடிமைகளை முதலில் வைக்கிறார்.

மகான்ஜாவில் இருந்த அந்தக் குறிப்பிட்ட காசு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அக்காசு நடந்த பாதையில் மனிதரும் விற்கப்பட்டனர். அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நற்செயலாகவும் குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் ஆக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர், அந்த வெள்ளியை மேடையில் தூக்கிக் காட்டுமுன் ஒரு கணம் தயங்க வேண்டும். தயக்கம் தாழ்வு மனப்பான்மையன்று; நமக்கு எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி ஸூரத்துன் நிஸா பணிப்பதை மதிப்பதாகும்.

மைன்ஸிலிருந்து புறப்பட்டவர்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பயணியை நினைவுகூர்வோம். அச்சுக்கலையை ஐரோப்பாவிற்கு அளித்த குட்டன்பெர்க் மைன்ஸ் நகரத்தவர்; 1468இல் அங்கேயே மறைந்தார். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளில், மைன்ஸ் பேராலயத்தின் குருக்களுள் ஒருவரான பெர்ன்ஹார்ட் ஃபொன் பிரைடன்பாக் ஜெருசலத்திற்கும் ஸீனாய்க்கும் பயணம் செய்தார் (1483–84). எர்ஹார்ட் ரோய்விக் என்னும் ஓவியரையும் உடன் அழைத்துச் சென்றார். அப்பயண நூல் 1486இல் மைன்ஸில் அச்சாகிப் பல மொழிகளில் பரவியது. நபிகளார் (ஸல்) அவர்களைப் பற்றியும் இஸ்லாத்தைப் பற்றியும் அதில் கூறப்படுபவை, அக்காலக் கிறித்தவ உலகில் வழங்கிய அவதூறுகள். ஆனால் அதே நூலில் ஸாரஸீனியரின் உடைகளைக் காட்டும் படமும், அரபு எழுத்துகளின் அட்டவணையும் இருக்கின்றன. அரபு எழுத்தை அச்சில் காட்டிய மிக முற்பட்ட முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரின் பெயரால் இணையும் இருவரிடமும் ஒரே பாடம் கிடைக்கிறது. பிரைடன்பாக்கின் நூலில் கண்ணால் கண்ட பகுதி இன்றும் பயன்படுகிறது. ஜெருசல நகரின் தோற்றத்தை அறிய அறிஞர் அதனை நாடுகின்றனர். ஏட்டிலிருந்து வாங்கி ஒட்டிய வசைகளோ யாருக்கும் பயனின்றி மக்கிவிட்டன. இப்ராஹீமிடமும் அவ்வாறே: நாணயமும் மிளகும் நிலைத்தன, பெண்கள் நகரம் கதையாயிற்று.

முடிவாக

2020ஆம் ஆண்டின் இறுதியில் மைன்ஸ் நகரின் பெயர் மீண்டும் நம் வீடுகளில் ஒலித்தது. கொரோனா தடுப்பூசியை உருவாக்கிய பயோன்டெக் நிறுவனம் அந்நகரில் 2008இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் இருவர், உகுர் ஷாஹினும் அவருடைய மனைவி ஓஸ்லெம் துரெஜியும், துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 'தடுப்பூசியைக் கண்டுபிடித்தது முஸ்லிம் தம்பதியர்' என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அத்தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வுக்காக 2023இல் நோபல் பரிசு பெற்றவர்கள் ஹங்கேரியில் பிறந்த கதலின் கரிகோவும் அமெரிக்கரான ட்ரூ வைஸ்மனும். அந்த மருந்தும் நஸ்ரின் திர்ஹமைப் போல, மகான்ஜாவின் மிளகைப் போல, பல கைகள் மாறி வந்தது. அதன் மேல் ஒரு பெயரை மட்டும் எழுதுவது நம் பழைய பிழையின் புதிய பதிப்பு.

மகான்ஜாக் குறிப்பு நமக்குத் தருவது வெற்றிச் சின்னமன்று. ஒரு வாசிப்பு முறை. கண்டதைக் கண்டதாகவும், ஊகித்ததை ஊகமாகவும் எழுதிய ஒருவர், அயலாரின் வயலையும் திராட்சையையும் காழ்ப்பின்றிப் பார்த்த ஒருவர், அவ்விதிகளைத் தாமே மறந்த இடங்களில் தவறினார். அவர் வாய்மையுடன் நின்ற இடங்களில் அவர் எழுத்து ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அவரைப் பற்றிப் பேசும் நாமும் அதே அளவுகோலுக்கு உட்பட வேண்டியவர்களே. நம் முன்னோர்களான உலமாக்கள், அறிந்ததையெல்லாம் எழுதி முடித்த பின்னும், கடைசி வரியில் ஒன்றைச் சேர்ப்பர். அந்தலுஸ் பயணி நாணயத்தைப் பார்த்துச் சொன்ன 'கருதுகிறேன்' என்ற சொல்லும் அவ்வரியின் உறவே. நாமும் அவ்வாறே முடிக்கிறோம்: அல்லாஹ்வே நன்கறிந்தவன்.